எருமப்பட்டிக் களத்தில் செபமாலை

செபமாலை சொல்லும் வேகத்தில் சேலம் மறைமாவட்டத்திலேயே என்னை முந்த ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, நான் குடியிருக்கும் சூரமங்கலமே சொல்கிறது. சரி, முதலில் நான்தான் சொன்னேன். சூரமங்கலம் இதுவரை மறுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் தோமினிக். தீபாவளிக் கூட்டத்தில், எறும்பு நுழைய இடமில்லாத வண்டியில், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முன் படிக்கட்டிலிருந்து பின் படிக்கட்டு வரை டிக்கெட் போட்டு முடித்தவனுக்கு ஒரு செபமாலை எம்மாத்திரம்? குரலும் அப்படித்தான். ஓமலூர் பஸ் நிலையத்தில் நின்று நான் "போலாம் ரைட்!" என்று கத்தினால், ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு, எங்கே இடி விழுந்தது என்று வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். நம்பாதவர்கள் அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. விருந்தாளி வந்தாலும், மின்சாரம் போனாலும், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடினாலும் ஏழு என்றால் ஏழுதான். அது என் மனைவி செல்வமேரி போட்ட சட்டம். முன்பாதியை நான் சொல்வேன், பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். முடிவில் மாதா பிரார்த்தனை வரும். மாதாவின் பெயர்களை நான் ஒவ்வொன்றாகக் கூப்பிடக் கூப்பிட, மற்றவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். நான் கூப்பிடும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பதில் சொன்னவர்கள் அதுவரை பிறந்திருக்கவில்லை.

"ஏங்க, மாதா என்ன கடைசி பஸ்ஸைப் புடிக்கவா ஓடுறாங்க?" என்பாள் செல்வமேரி.

"உலகம் பூராவும் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்குது. நம்ம விஷயத்தைச் சட்டுனு சொல்லிட்டு நகர்ந்துடணும். பின்னால வண்டி நிக்குதில்ல?" என்பேன்.

இந்த நிலைமையில்தான் தனப்பிரியா எங்கள் வீட்டு மருமகளாக வந்து சேர்ந்தாள்.

அவள் எருமப்பட்டிக்காரி. அவளுடைய அப்பா தங்கசாமி அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் மகன் டோனி ஜங்ஷன் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். கபடி ஆட முழங்கால் உறை வாங்க வந்த பெண், உறையோடு கடைக்காரனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வீட்டிலும் மூன்று மாதம் கத்தினோம். நான் கத்தியது நாமக்கல் கோட்டை மேலே நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டதாம். பிறகு கத்திக் களைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் சாமி அவளுக்கு, எங்கள் சாமி எங்களுக்கு என்று பேச்சு. யாரும் அவளைச் செபத்துக்குக் கூப்பிடவில்லை.

முதல் வாரம் முழுக்க, ஏழு மணியானால் சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எங்களைக் கவனித்தாள். ஒருநாள் நான் பிரார்த்தனையை முடித்து நிமிர்ந்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க மாமா, மூச்சு உடாம நீங்க எத்தன சொல்லுவீங்க?"

"எதைக் கண்ணு?"

"இந்த மாதா பேருங்க. நானும் பாத்துட்டே இருக்கறனுங்க. நடுநடுவுல களவாணித்தனமா மூச்சு வாங்கிக்கறீங்க. எங்க ஆட்டத்துல அப்படி வாங்குனா அவுட்டுங்க."

என்னைப் பார்த்து! டிக்கெட் பரிசோதகர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. டோனி தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

அப்புறம்தான் விளக்கினாள். கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவள், திரும்பி நடுக்கோட்டைத் தொடும்வரை ஒரே மூச்சில் "கபடி, கபடி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடுவரின் காதில் விழ வேண்டும். அந்த வார்த்தை நின்றால் விசில்தான். "எங்களுக்குங்க, காலு கையெல்லாம் அப்பறம். மூச்சுத்தானுங்க மொதல்ல" என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் கீரை ஆயவில்லை. நெற்றியில் திருநீறும் கையில் செல்வமேரியின் பழைய செபமாலையுமாக எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தாள். அன்று ஆரம்பித்தது போட்டி. யார் முதலில் மூச்சு வாங்குகிறாரோ அவர் அன்றிரவு பாத்திரம் கழுவ வேண்டும். ஒரு மாதத்தில் எல்லாச் செபமும் அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு பெயரைக் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் "வேண்டிக்கொள்ளும்" வந்து விழும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கம்ப்ரசர் தோற்றது போங்கள். நான் கழுவிய பாத்திரங்களை அடுக்கியிருந்தால் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நின்றிருக்கும்.

"இது செபமா, சீட்டாட்டமா?" என்று செல்வமேரி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் ஒருநாள் தனப்பிரியாவுக்கு நல்ல காய்ச்சல். "நீ போய்ப் படு சாமி" என்றாள் செல்வமேரி. அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்தாள். "இதைச் சொல்லாம படுத்தா தூக்கம் வர மாட்டேங்குதுங்க அத்தே" என்றாள். அன்றைக்கு நான் வேகத்தைக் குறைத்துத்தான் சொன்னேன். சத்தியமாக.

பிறகு பேத்தி பிறந்தாள். இரண்டு வருடம் ஆட்டமில்லை. ஆட்டம் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம், அவளைத் தவிர. விடியற்காலையில் குழந்தை எழுவதற்கு முன்பே மாடிக்குப் போய்க் குதித்துக்கொண்டிருப்பாள். மேலே எருமை எதையாவது கட்டி வைத்திருக்கிறீர்களா என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

போன செப்டம்பரில் அவளுடைய பயிற்சியாளர் மலர்விழி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடே கேட்டது.

"தனா, ஆயுத பூஜைக்கு நம்மூர்ல டோர்னமெண்டு. மாநிலப் போட்டிக்குப் பொண்ணுங்க டீம் எடுக்க ஆளுங்க வராங்க. பாடிப் போறவ எடம் ஒண்ணுதான் காலி. உனக்கு இருபத்தெட்டு ஆயிருச்சு. இப்ப எடுக்கலைன்னா அடுத்த வருசம் உன் பேரைக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. வாரியா, இல்லியா?"

"வாரேனுங்கக்கா!" என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் மூன்று சுற்று ஓடினாள். அது சிரிக்க ஆரம்பித்தது.

தேதியைப் பார்த்ததும்தான் ஓட்டம் நின்றது. அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் இரண்டு தெருவிலுமுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் அன்பியம். அந்த மாதம் முழுக்க நாளுக்கு ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். இறுதி ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. ஏழு மணிக்கு ஊர் கூடி வரும்போது வீட்டு மருமகள் எருமப்பட்டியில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் போகலீங்க அத்தே" என்றாள் சாப்பிடும்போது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

செல்வமேரி ரசத்தை ஊற்றினாள். "செபமாலைக்கு எதுக்குடி வீடு? சொல்ற ஆள் இருந்தா போதாதா? அன்பியத்தையே அங்க கூட்டிட்டுப் போயிடலாம்."

நான் உருண்டையை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிச் சட்டத்தைக் கிரிக்கெட்டுக்காக ஒரு நிமிடம்கூட நகர்த்தாதவள் இவள்!

அன்பியக் கூட்டத்தில் முதலில் எழுந்தவள் பக்கத்து வீட்டு ஹெலன். ஹெலன் செபம் சொல்வதில் எனக்கு நேர் எதிர். ஒரு மன்றாட்டை ஆரம்பித்தால் திருத்தந்தையில் தொடங்கி, ஆயர், குருக்கள், எல்லையில் நிற்கும் படைவீரர் எல்லோரையும் தொட்டு, அவள் வீட்டு மிக்ஸி ரிப்பேரில் வந்து முடிப்பாள். நாம் அரிசி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்தால் எழும்போது மாவு புளித்திருக்கும்.

"கபடி நடக்குற எடத்துல செபமாலையா? பொண்ணுங்க டவுசர் போட்டுக்கிட்டு ஓடுவாங்களே!" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் அதே டவுசரைப் போட்டுக்கிட்டுத்தான் மீன் வாங்கப் போறாரு. அன்னிக்கு நீ செபமாலையைக் கீழ வச்சுட்டியா?" என்றாள் செல்வமேரி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தீர்மானம் நிறைவேறியது.

தனப்பிரியா முன்பே ஊருக்குப் போய், அணியோடு இறுதி ஆட்டம் வரை வந்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அன்பியத்தின் வேன் புறப்பட்டது. டோனி குழந்தையோடு முன்சீட்டில். ராசிபுரம் தாண்டுவதற்குள் புளிசாதம் காலி, நாமக்கல் தாண்டுவதற்குள் பாட்டு காலி. எருமப்பட்டியில் எங்கள் சம்பந்தி தங்கசாமி ஒரு பெரிய பாத்திரம் நிறைய அவித்த முட்டையோடு நின்றார். அவர் பண்ணையில் அன்று முட்டையிடாத கோழிக்கு மன்னிப்பே கிடையாதாம்.

"வாங்க சம்பந்தி, வாங்க தங்கச்சி! ஆளுக்கு நாலு தின்னாத்தான் களத்துக்குள்ள உடுவமுங்க!"

நான் எத்தனை தின்றேன் என்பதைச் செல்வமேரி இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் நாலு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நாலு மணி என்பது எந்த ஊர் நாலு மணியோ, விளக்கெல்லாம் போட்டு, பரிசு கொடுப்பவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி, எருமப்பட்டி அணியும் ஓமலூர் அணியும் களத்தில் இறங்கியபோது சரியாக ஏழு. பந்தலுக்குக் கீழே தேர்வாளர்கள் மூன்று பேர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். தனப்பிரியா கேலரிப் பக்கம் பார்த்தாள். கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏழாச்சு" என்றாள் செல்வமேரி. சிலுவை அடையாளம் போட்டோம். செபமாலை ஆரம்பம்.

அப்படி ஒரு செபமாலையை நான் சொன்னதில்லை! ஒரு கண் மணியில், ஒரு கண் களத்தில். தனப்பிரியா முதல்முறை பாடிப் போனாள்; எதிரணிக்காரி ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் பறந்து வந்தாள். "அருள் நிறைந்த" என்று ஆரம்பித்த நான் "அடி சக்கை!" என்று முடித்தேன். செல்வமேரி என் தொடையில் கிள்ளினாள். ஓமலூர் அணியில் மூலையில் நிற்கும் பெண் ஒருத்தி, லாரி பின்சக்கரம் மாதிரி உடம்பு. அவள் கையில் கணுக்கால் சிக்கினால் எலும்பைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பெண் ஒருமுறை சிக்கி அவுட்டாகி, பிறகு உள்ளே வந்தாள். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்த மூலையில நிக்கிற புள்ளைக்குக் கொஞ்சம் கையில வேர்வையைக் குடும்" என்று வேண்டினாள். மெதுவாகச் சொல்கிறவளுக்கு அன்றைக்கு வார்த்தை எவ்வளவு சீக்கிரம் வந்தது என்கிறீர்கள்!

பக்கத்தில் தங்கசாமியும் அவருடைய ஊர்க்காரர்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, இதுல நாங்களும் சேந்துக்கலாமுங்களா? எங்க குலசாமிகிட்ட நான் காலையிலயே சொல்லிப்போட்டேன். ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானுங்க?"

"கடைசியில பிரார்த்தனை வரும். நாங்க பேர் சொல்லுவோம், நீங்க 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அத்தன பெருசா வேண்டாமுங்க. 'வேண்டிக்கொள்ளும்' மட்டும் நாங்க புடிச்சுக்கறமுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். இரண்டு பக்கமும் புள்ளிகள் சமம். கேலரியில் பிரார்த்தனை ஆரம்பித்திருந்தது. அன்று எடுத்துச் சொல்லும் முறை ஹெலனுக்கு. அவள் ஒரு பெயர் சொல்லி அடுத்த பெயருக்கு வருவதற்குள் திருச்சிக்குப் போய்த் திரும்பிவிடலாம். களத்தில் தனப்பிரியா நடுக்கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டாள். இது அவளுடைய பாட்டு, அவள் பாடிப் போகும் முறை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஹெலன், ஸ்டியரிங்கை இங்க குடு!"

வாங்கினேன் பாருங்கள்! தொண்டையைத் திறந்து மாதாவின் பெயர்களைக் கூப்பிட்டேன். அன்பியம் பதில் சொன்னது. தங்கசாமியின் ஆட்கள் பதில் சொன்னார்கள். அடுத்த கேலரியில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது; எருமப்பட்டிக்கு ஆதரவாக ஏதோ கோஷம் என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முறுக்கு விற்றவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே கையை உயர்த்தி "வேண்டிக்கொள்ளும்!" என்றார். கொல்லிமலை எதிரொலித்தது. கரடிகள் என்ன நினைத்தனவோ!

களத்தில் என் மருமகள் ஓமலூர் பெண்கள் நடுவே சுழன்றுகொண்டிருந்தாள். கால் நீட்டி ஒருத்தியைத் தொட்டாள். திரும்பும்போது கையை வீசி இன்னொருத்தியையும் தொட்டாள். இரண்டு! கேலரி எழுந்து நின்றது. நடுக்கோட்டுக்கு இரண்டு எட்டுதான் பாக்கி. அப்போது விசில்.

யாருக்கும் புரியவில்லை. நடுவர் அவளை நோக்கிக் கையைக் காட்டினார். கிட்டவே இருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"என்னம்மா சொல்லிட்டு வந்தே?"

"கபடிதானுங்க."

"மொதல்ல கபடி சொன்னே. அப்பறம் 'வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும்'னு சொன்னே. யாருக்காக வேணாலும் அப்பறமா வேண்டிக்கலாம், ஆட்டத்துல கபடிதான் சொல்லணும். மூச்சு வாங்கலை, அதனால நீ அவுட்டில்லை. ஆனா பாட்டு செல்லாது. ஓமலூருக்கு ஒரு பாயிண்ட்டு!"

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தினமும் ஏழு மணிக்கு என் குரலுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நான் பெயரைக் கூப்பிட்டதும் அது அவளைக் கேட்காமலே திரும்பிவிட்டது. உலகக் கபடி வரலாற்றில் செபமாலையால் புள்ளி இழந்த ஒரே வீராங்கனை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

தொட்ட இரண்டு பேரும் களத்திலேயே நின்றார்கள். ஓமலூர் ஒரு புள்ளி முன்னே. பந்தலுக்குக் கீழே இருந்த தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். பயிற்சியாளர் மலர்விழி தண்ணீர் பாட்டிலைத் தரையில் ஓங்கி அடித்தாள். அடுத்து ஓமலூர்க்காரி பாடி வந்து, யாரையும் தொடாமல், நேரத்தைக் கடத்திவிட்டுப் போனாள். ஆட்டத்தில் இனி ஒரே ஒரு பாட்டுத்தான் பாக்கி. தனப்பிரியா நடுக்கோட்டுக்கு வந்தாள். உள்ளங்கையை மண்ணில் தேய்த்துக்கொண்டாள்.

நான் தொண்டையைச் செருமினேன். இப்போதுதானே இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்! மாதாவின் அடுத்த பெயரை "விடியற்கால..." என்று ஆரம்பித்ததும் செல்வமேரி எழுந்து என் வாயை அடைத்தாள். ஆமாம், கையால்தான். அத்தனை பேர் முன்னால்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது!" என்றாள். "மனசுக்குள்ள சொல்லுங்க."

"மனசுக்குள்ளயா?" ஹெலன் திகைத்துப்போனாள். "அது மேல போய்ச் சேருமா அக்கா?"

"போய்ச் சேரலைன்னா நான் பாத்துக்கறேன். வாயை மூடு!"

தங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்துப் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினார். "ஏனுங்க, அல்லாருங்களும் கேளுங்க! எங்க சம்பந்தியம்மா சொல்லிப்போட்டாங்க. எம்பட புள்ள திரும்பி வார வரைக்கும் ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது! காட்டுனீங்க, நாளைக்கு முட்டை கெடையாது!"

எருமப்பட்டி அடங்கியது. முறுக்குக்காரர் கூடையைக் கீழே வைத்தார். டோனி குழந்தையின் வாயில் ஒரு முறுக்கைக் கொடுத்தான். நான் என் துண்டின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டேன். என் வாயை நான் நம்பவில்லை.

நான் இதுவரை மனசுக்குள் செபம் சொன்னதில்லை. என் செபம் தெருவுக்குக் கேட்டால்தான் எனக்கே கேட்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வார்த்தையும் இல்லை. அத்தனை வருடம் மனப்பாடமாகச் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. "அம்மா, புள்ள. அம்மா, புள்ள" என்று மட்டும் வந்தது. அதையே சொன்னேன். வேகமெல்லாம் இல்லை. பக்கத்தில் செல்வமேரியின் உதடு அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"கபடி, கபடி, கபடி, கபடி."

அந்த நிசப்தத்தில் அவள் குரல் மட்டும் களத்தின் நாலு மூலைக்கும் கேட்டது. இடதுபுறம் போனாள். காலை நீட்டினாள், யாரும் எட்டவில்லை. வலதுபுறம் திரும்பினாள். சட்டென்று பாதியில் நின்றாள். கேலரிப் பக்கம் ஒரு பார்வை. அந்த ஒரு நொடியில் ஓமலூரின் லாரிச் சக்கரம் பாய்ந்து இடுப்பைப் பிடித்தது! இன்னொருத்தி கணுக்காலைப் பிடித்தாள். மூன்றாமவள் மேலே விழுந்தாள். தீர்ந்தது என்று நான் கண்ணை மூடப் போனேன்.

ஆனால் "கபடி, கபடி" நிற்கவில்லை. மூன்று பேருக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பிறகு அந்தக் குவியல் நகர்ந்தது. அய்யோ, நகர்ந்தது! மூன்று பேரையும் உடம்பில் கட்டிக்கொண்டு, உழுகிற டிராக்டர் மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரு முழம். இன்னொரு முழம். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கையை நீட்டினாள். நடுக்கோட்டைத் தொட்டாள்.

விசில்! பிடித்த மூன்று பேரும் அவுட். மூன்று புள்ளி. ஆட்டம் முடிந்தது. எருமப்பட்டி வென்றது!

துண்டு என் வாயிலிருந்து பந்தல் உயரத்துக்குப் பறந்தது. அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்ததில் விளக்குக் கம்பம் ஆடியது. தோழிகள் அவளைத் தூக்க ஓடிவந்தார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டு, கயிற்றைத் தாண்டி, மண்ணும் இரத்தமுமான முழங்காலோடு நேரே கேலரிக்கு ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"மாமா! மாமா! நல்லாத்தானுங்க இருக்கீங்க?"

"எனக்கென்ன கண்ணு? கல்லு மாதிரி இருக்கேன்!"

"அப்பறம் ஏனுங்க சத்தத்தையே காணம்? ஒரு நாளாச்சும் உங்க சத்தம் நின்னு பாத்திருக்கறனா? அப்பா என்ன கத்துனாருன்னு காதுல உளுகலீங்க. களமே கப்சிப்புனு ஆயிருச்சு. நீங்க உளுந்துட்டீங்க, உங்களச் சுத்தி அல்லாரும் நிக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன். எப்படியாச்சும் திரும்பி வந்து சேரோணும்னு இழுத்துட்டு வந்தனுங்க. எத்தன பேரு புடிச்சாங்கன்னுகூடத் தெரியாதுங்க!"

 செல்வமேரி சேலைத் தலைப்பால் அவள் முகத்து மண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சேலை முழுக்க எருமப்பட்டி.

"அவருக்கு ஒண்ணும் இல்லடி. நான்தான் வாயை அடைச்சேன்."

"நீங்களா அத்தே? ஏனுங்க?"

"நீ மறுபடியும் 'வேண்டிக்கொள்ளும்'னு சொல்லிட்டா என்ன பண்றது?"

தனப்பிரியா ஒரு நொடி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

பந்தலிலிருந்து மைக் கரகரத்தது. மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர்கள் பெயரை வாசித்தார்கள். முதல் பெயர் இல்லை. இரண்டாவது இல்லை. செல்வமேரி என் கையை நசுக்கிய நசுக்கில் விரல் இன்னும் வளைந்தே இருக்கிறது. கடைசியில், "பாடிப் போகிறவர், சேலம் தனப்பிரியா!"

நாங்கள் குதித்தோம். குதித்த இடத்தில் தங்கசாமி பெஞ்சு மேல் ஏறி மைக்கோடு சண்டைக்குப் போய்விட்டார்.

"ஏனுங்க, என்னுங்க சேலம்? எருமப்பட்டி தனப்பிரியான்னு சொல்லுங்க!"

"சேலம்தான் சம்பந்தி! ரேஷன் கார்டு எங்ககிட்ட இருக்கு!" என்றேன் நான்.

"பொறந்தது இங்கங்க!"

"மூச்சுப் புடிச்சது அங்க!"

மைக் பிடித்திருந்தவர் பயந்துபோய், "சேலம் எருமப்பட்டி தனப்பிரியா" என்று இரண்டு ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார்.

மாநிலப் போட்டி நவம்பரில், திண்டுக்கல்லில். அங்கே சத்தமாகச் சொல்வதா, மனசுக்குள் சொல்வதா என்று வேனில் ஏறுவதற்கு முன்பே அன்பியம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சத்தம் போட்டதால்தான் புள்ளி போனது என்று ஒரு கட்சி. சத்தத்தை நிறுத்தியதால்தான் பிள்ளை பயந்து பிடிபட்டாள் என்று ஒரு கட்சி. பிடிபட்டதால்தானே மூன்று புள்ளி என்று ஹெலன் ஒரு தனிக் கட்சி.

"ஆளாளுக்கு ஏன் கத்துறீங்க? ஆடப் போறவளைக் கேளுங்க" என்றாள் செல்வமேரி.

தனப்பிரியா வாய் நிறைய முட்டையோடு எங்களைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"சத்தமாவே சொல்லுங்க. எம்பட வாயை நான் பழக்கிக்கறனுங்க. நீங்க சொல்றது காதுல உளுந்துட்டே இருந்தா, திரும்பி வாரதுக்கு ஊட்டுல ஆளிருக்குதுன்னு தெகிரியமா உள்ள போவனுங்க."

 தங்கசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இது பத்தாதுங்க சம்பந்தி. எங்கூர்ல இருந்து மட்டும் நூறு பேரு வருவமுங்க. லாரி பேசிர்றேன். நீங்க அந்த மாதா பேரையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. திண்டுக்கல்லுல நாங்களே எடுத்துக் குடுக்கறோம், நீங்க பதில் சொல்லுங்க!"